சின்னக் கேமரா வாங்கிய சண்டை

இன்று குமுளி போட்டோக் கடையில் நான் சத்தம் போட்டது உண்மைதான். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஒன்பது மாத மகளை இடுப்பில் வைத்தபடியே படமெடுக்க, பைக்குள் அடங்கும் சின்னக் கேமரா கேட்டேன். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் பேசினார்.

"சார், இது வெளையாட்டுச் சாமான். விசேஷம்னா சொல்லி விடுங்க, உங்க எஸ்டேட்டுக்கே படமெடுக்க ஆள் அனுப்புறேன்."

"போன மாசம் அனுப்புனீங்களே, அண்ணே," என்றேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளை இறந்த அன்னிக்கு. அவ அம்மாகிட்ட இருக்குற ஒரே போட்டோ அதுதான். கண்ணு மூடியிருக்கு."

அவர் கேமராவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பஸ்ஸில் கணவர், "கடையில அப்படிப் பேசணுமா?" என்றார். நான் மகளைப் படமெடுத்தேன். வாயெல்லாம் பிஸ்கட்.

எஸ்டேட் தாய்மாரே, விசேஷம் ஒன்றுமில்லாத ஒரு நாளில் எடுத்த படம் உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா? இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவாருங்கள். பிலிம் சுருளில் இன்னும் பதினொரு படம் மிச்சமிருக்கிறது.