தோல் துண்டுகளில் ஆமை செய்த நூர்ஜஹான்

மதியச் சாப்பாட்டு மணி அடித்து, டிபன் டப்பாவைத் திறந்திருந்தேன். தையல் பிரிவு சுமதி ஓடி வந்து, "அக்கா, நம்ம காப்பகத்து நூர்ஜஹான் மௌத்தாயிட்டாங்களாம். காலைலயே" என்றாள். காய்ச்சல் என்றுதான் நாலு நாள் லீவில் போயிருந்தாள். வேலூருக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. எனக்கு முதலில் வந்த நினைப்பு அவளைப் பற்றியதுகூட இல்லை. என் மகளிடம் என்ன சொல்வது என்பதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக் காப்பகத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும், அங்கே ஆயாவாக இருந்த அவளைத் தெரியும். கோபம் வந்தால் உருது, கொஞ்சினால் தமிழ். என்னைவிட மூன்று வயது இளையவள். ஆனால் என்னை அதட்டும் உரிமையை அவளே எடுத்துக்கொண்டாள்.

காப்பகத்தில் ஒரு படப் புத்தகம் உண்டு. மழையைத் தேடிப் போகும் பச்சை ஆமையின் கதை. என் மகள் மித்ராவுக்கு இரண்டரை வயது. அதைத் தவிர வேறு புத்தகம் அவளுக்கு ஆகாது. நாளுக்குப் பத்து முறை அதையே நீட்டிப் படிக்கவைத்து உயிரை வாங்குவாள். வேறொருத்தியாக இருந்தால் புத்தகத்தை ஒளித்து வைத்திருப்பாள். நூர்ஜஹானோ கட்டிங் பிரிவுக்குப் போய், கழித்துப்போட்ட தோல் துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். ஷூ டப்பா அட்டையில் பசை தடவி இருவரும் ஆமை செய்தார்கள். அதற்கு ஆறு கால். நாலுதானே என்று கேட்டேன்.

"பாப்பாதான் ஒட்டுச்சு. ஜாஸ்தி கால் இருந்தா சீக்கிரம் போய்ச் சேந்துடும்ல?" என்றாள்.

நான் செக்கிங்கில் இருப்பவள். தையல் கோணலாக இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஒரு சாயங்காலம் மித்ரா புதிதாகச் செய்த ஆமையைக் கையில் கொடுத்தாள். நூர்ஜஹானோடு பேசிக்கொண்டே, கைப்பழக்கத்தில், கோணல் வாலுக்குப் பக்கத்தில் ஓர் அம்பை ஒட்டிவிட்டேன்.

"இன்னா அக்கா, புள்ள செஞ்சதையும் ரிஜெக்ட் பண்ணுவீங்களா?" என்றாள் நூர்ஜஹான். சிரிக்கவில்லை. எனக்கு முகம் செத்துப்போனது. மறுநாள் என்னிடமே ஸ்டிக்கர் தாளைக் கேட்டு வாங்கிப் போனாள். சாயங்காலம் பார்த்தால், ஆமையின் தலைக்கு மேல் சிவப்பு அம்புகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. மித்ரா அதைக் காட்டி "மய" என்றாள். தாமதமாகப் பேச ஆரம்பித்த என் பிள்ளையின் மூன்றாவது சொல் அது. முதல் சொல் அம்மா, இரண்டாவது நூரும்மா.

இப்போது மித்ரா பேசுவதே இல்லை. புதிதாக வந்த ஆயாம்மா நல்லவர்தான். பசையும் அட்டையும் கொடுக்கிறார். மித்ரா தள்ளிவிட்டு, புத்தகத்தோடு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நானே ஓர் ஆமை செய்து பார்த்தேன். ஆறு காலையும் பிய்த்துப் போட்டாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. சோற்றையும் ஒதுக்க ஆரம்பித்தபோது, வழி தெரியாமல் ஒரு பொய் சொன்னேன்: "மம்மு சாப்ட்டா நூரும்மா வருவாங்க." தட்டைக் காலி செய்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். அடுத்த வேளையும் அதே பொய்யைச் சொன்னேன். ஒரு வாரம் அப்படித்தான் ஊட்டினேன்.

பிள்ளைகளிடம் பொய் சொன்னால் நூர்ஜஹானுக்குப் பொறுக்காது. "இப்ப வந்துடறேன்னு சொல்லாதீங்கக்கா. சாயங்காலம் கம்பெனி சங்கு ஊதினா வர்றேன்னு சொல்லுங்க. புள்ள நம்பிக் காத்துனு இருக்கும்ல" என்பாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மழைப் படமும் இந்தப் பேச்சும்தான். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன். பேச்சுதான் என்னை விடவில்லை.

நேற்று மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "நூரும்மா இனிமே வர மாட்டாங்கடா கண்ணு. மம்மு சாப்ட்டாலும் வர மாட்டாங்க. அம்மா பொய் சொல்லிட்டேன்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கிப் போய், சோறு மிச்சம் வைத்திருந்த தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். என் முன்னால் வைத்து, கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, முடிந்த அளவுக்கு வாயைப் பெரிதாகத் திறந்தாள்.