எதிர்மலைக்குக் கேட்காத பெட்டிகள்

அந்த இரண்டு பெட்டிகளையும் நான் திருடவில்லை, கேட்டுத்தான் எடுத்து வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் தப்பு செய்யாத இடம் அது ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் சுற்றிக்கொண்டும் மைக் ஸ்டாண்டு நகர்த்திக்கொண்டும் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் உட்காரும் அறையில் இரண்டு பெரிய மானிட்டர் ஸ்பீக்கர்கள் இருந்தன. பாடியவர் எங்கே மூச்சு வாங்கினார், எந்த வயலின் அரை நூல் பிசகியது என்று ஒன்றையும் ஒளிக்காமல் காட்டிக்கொடுத்துவிடும். புதுசு வந்ததும் அவற்றைத் தூக்கி ஜெனரேட்டர் ஷெட்டில் போட்டார்கள். மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தன. பலகையைக் கரையான் தின்றது, ஒன்றின் காகிதக் கூம்பை எலி கடித்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிய அன்று மேனேஜரிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போய்யா, எடமாவது மிஞ்சும்" என்றார்.

ஆலங்காயத்தில் மைக் செட் கடை போட்டேன். கல்யாணம், காது குத்து, கூழ் ஊத்துவது எல்லாவற்றுக்கும் மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதுதான் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் பெட்டிகளோடுதான். எலி கடித்த கூம்புக்குக் காற்றாடித் தாளைப் பசை தடவி மூன்று அடுக்காக ஒட்டினேன். உள்ளே கருகிப்போன காயில் கம்பியை வாணியம்பாடியில் ஒருவர் சுற்றிக் கொடுத்தார். கரையான் தின்ற பக்கங்களை எடுத்துவிட்டு வேங்கைப் பலகை போட்டேன். இரண்டும் திரும்பப் பேசிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதற்கப்புறம் குழாயைப் பார்த்தாலே தகர டப்பா என்று இளக்காரம் வந்துவிட்டது.

ஒரு புளி சீசனில் மலையிலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். சந்தையில் புளி போட்டுவிட்டு வந்திருந்தார்.

"வைகாசில பொண்ணுக்குக் கல்யாணம் தம்பி. குழாய் ரெண்டும் கொண்டாந்து ஒசரக்க கட்டணும். எதிர்மலைக்குக் கேக்கணும்."

எதிர்மலையில் அவருடைய அண்ணன் வீடு. அப்பா செத்த பிறகு ஒரு புளியமரத்தின் பாகத்துக்காக ஊர் கூடியிருந்த இடத்தில் அண்ணனை இவர் ஏதோ சொல்லிவிட்டார். அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சத்தியமும் செய்துவிட்டார். ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. கல்யாணத்துக்கு ஆள் விட்டபோது அண்ணன் சொல்லி அனுப்பியது இது: "ஊர் கேக்கத் திட்டினா. ஊர் கேக்க அவ வாயால கூப்புடட்டும். வர்றேன்." அதனால் அக்கா மைக்கில் கூப்பிடப் போகிறார். சத்தியமும் தவறாது, அண்ணனும் வருவார்.

எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். "குழாய் இன்னாத்துக்குக்கா? அத்தவிட ஒஸ்தியா ஒண்ணு வெச்சிருக்கேன்."

"எதிர்மலைக்குக் கேக்குமா?"

"ஊருக்கே கேக்கும்கா."

பஸ் நிற்கும் இடத்திலிருந்து பெட்டிகளை மூங்கிலில் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். "இன்னாப்பா, பொணங்கனம் கனக்குது" என்று வழியெல்லாம் என்னைத் திட்டினார்கள். குழாய்களையும் தூக்க ஆளிருக்காது என்று கடையிலேயே விட்டு வந்தேன். கரண்ட் இல்லாத ஊர், கார் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர். பாட்டு வைத்ததும் பந்தலே வாயடைத்துப் போனது. ஒலிப்பதிவுக் கூடத்துப் பழக்கத்தில் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தத்துக்கு முன்னால் அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா... நான்தாண்ணா கூப்புடுறேன். ஊர் கேக்கக் கூப்புடுறேன். அன்னிக்குச் சொன்னது தப்புதாண்ணா. பொண்ணு மாலையோட நிக்குது. வாண்ணா."

மூன்று முறை கூப்பிட்டார். அந்தப் பெட்டிகளில் அவர் தொண்டை அடைத்ததுகூடக் கேட்டது. பந்தலில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எதிர்மலையில் அண்ணன் வீட்டுப் புகை தெரிந்தது. யாரும் இறங்கி வரவில்லை.

வயரைப் பார்க்கிற சாக்கில் சாமைக் கொல்லையின் ஓரம் வரை நடந்தேன். ஐம்பது அடிக்குள்ளேயே சத்தம் மெலிந்துவிட்டது. ஓரத்தில் காற்றுதான் கேட்டது. ஓர் அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து கேட்கச் செய்த பெட்டி அது. பள்ளத்தைத் தாண்டிக் கத்த அந்தத் தகர டப்பாவால்தான் முடியும். இது தெரியாதவனா நான்? ஓடை இறங்கி ஏறி ஆள் போய்வர ஒன்றரை மணி நேரமாகும், முகூர்த்தம் அதுவரை நிற்காது.

திரும்பி வந்தபோது ஒரு பெரியவர் கேட்டார். "அங்க கேட்டிருக்குமா தம்பி?"

"கேக்காம இன்னா? நல்லா கேட்டிருக்கும்" என்றேன்.

"அப்பிடின்னா கல்லு மனசுதான் அவனுக்கு" என்றார் அவர். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காத சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைத்துவிட்டு மலையிறங்கினேன். அந்த கேசட்டை மேசை இழுப்பறையில் அடியில் போட்டேன். சொன்னால் அப்புறம் மலையில் எவன் என்னைக் கூப்பிடுவான் என்ற பயம்.

அடுத்த புளி சீசனில் ஒருவர் டிரான்சிஸ்டரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். அந்த எதிர்மலை ஊர்தான்.

"தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துக்கு நீதான் செட்டுன்னு சந்தையில சொன்னாங்க. அன்னிக்கு இன்னா, செட்டு போவலியா? வெள்ளச் சட்ட போட்டுகினு பாறை மேல குந்திகினு இருந்தேன். பொழுது சாயற மட்டும் குந்திகினு இருந்தேன், ஒரு சத்தமும் வர்ல."

மேசை இழுப்பறையை இழுத்தேன். கேசட்டை எடுத்து, அதே பெட்டிகளில் போட்டேன்.

"அண்ணா... நான்தாண்ணா கூப்புடுறேன்."

அவர் சடாரென்று எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "இன்னொரு தபா போடு" என்றார். போட்டேன். மூன்றாவது தடவை போட்டபோது, "வந்துட்டேம்மா" என்று பெட்டியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அப்புறம்தான் நடந்ததைச் சொன்னேன். குழாயை விட்டுவிட்டுப் போனது, கொல்லை ஓரத்தில் எனக்குத் தெரிந்துபோனது, பொய் சொன்னது, எல்லாம்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கல்யாணத்தன்னிக்குத் தப்பு நடந்துபோச்சு, சரி. மறுநாளு வந்து சொல்லியிருக்கலாமே தம்பி. பத்து மாசமா மலைக்கு பஸ்சு போய்கினுதான கீது?"

டிரான்சிஸ்டரைக்கூட எடுக்காமல் அந்த பஸ்ஸிலேயே ஏறிப் போனார். நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாராம். மறு வருஷம் அக்காவின் பேரப்பிள்ளைக்குக் காது குத்து. கூப்பிட மாட்டார்கள் என்றிருந்தேன், கூப்பிட்டார்கள். குழாய்கள் இரண்டையும் நானே தோளில் சுமந்துபோய் மரத்தில் ஏறிக் கட்டினேன். பந்தலில் அண்ணன் மடியில் குழந்தை. இறங்கி வந்தபோது அக்கா மோர் கொடுத்தார்.

"இன்னிக்கு யாரையும் கூப்புட வேண்டியதில்ல தம்பி. எல்லாரும் கிட்டக்கவே கீறாங்க. அந்தப் பொட்டியே கொண்டாந்திருக்கலாமே" என்றார்.