மூன்று மிச்சங்களுக்கு ஒரு கூடாரம்

நிவாரண அமைப்பின் கிடங்குக்குப் பத்தொன்பது வருடமாகப் பொறுப்பாளராக இருந்தவளை எல்லோரும் கூடாரக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கிடங்குக்குள் எலி நுழைவதென்றால்கூடப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நுழையும் என்பார்கள். அது பொய். அங்கே எலியே கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நானூறு கூடாரங்களையும் வெயிலில் விரித்து, தையலைத் தடவிப் பார்த்து, முளைகளைச் சரிபார்த்து மடித்து வைப்பாள். கல்யாணம் காட்சி கிடையாது. தம்பி வீட்டு மாடியறையில் வாசம்.

"அண்ணிக்கு மட்டும் வடிச்சாப் போதாது போல. அந்த நானூறுக்கும் சேத்து உலை வைக்கணும்," என்பாள் தம்பி மனைவி.

பேரிடர் வந்தால் யாருக்கு என்ன என்ற படிவத்தையும் கூடாரக்காரியே எழுதியிருந்தாள். குடும்பத்துக்கு ஒரு கூடாரம். தனியாட்கள் தங்கள் உறவினரோடு தங்க வேண்டும். வருடாவருடம் ஒத்திகை நடக்கும். ஊழியர்களே ஐந்தைந்து பேராகக் குடும்பம் நடத்துவார்கள். டிரைவர் அப்பா, மீசை வைத்த கணக்கர் அம்மா. சிரித்துக் கும்மாளம் போட்டே நாற்பது கூடாரங்களை ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடுவார்கள். படிவம் ஒரு முறையும் இடறியதில்லை. ஒத்திகையில் யாரும் சாகவில்லையே.

பிறகு ஒரு நாள் காலை எட்டு மணி வாக்கில், மழையில் ஊறிய மலை இரண்டு தெருக்களின் மேல் இறங்கிற்று.

மூன்றாம் நாள், முகாமில் குடும்பங்களெல்லாம் உள்ளே போனபின், மூன்று பேர் மட்டும் சேற்றில் நின்றார்கள். கடை திறக்கப் போனதால் தப்பிய சைக்கிள் கடைக்காரர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். தைத்த துணியைக் கொடுக்க மேட்டுத் தெருவுக்குப் போயிருந்த தையல்காரம்மா. மகன் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. காலை ஷிப்டுக்குப் போன பேக்கரிப் பெண். உறவினரோடு தங்கு என்றால் இவர்கள் மண்ணுக்கடியில்தான் போய்த் தங்க வேண்டும். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

கூடாரக்காரி கண்ணாடிக்கு மேலாகத் தையல்காரம்மாவைப் பார்த்தாள். "இவரு உங்களுக்கு என்ன வேணும்மா?"

ஆயுசு பூராவும் பார்வையாலேயே அளவெடுத்தவள் தையல்காரம்மா. சட்டென்று புரிந்துகொண்டாள். "புள்ளைன்னு எழுதிக்கோம்மா. இவ்வளவு வழுக்கையோட பெத்த ஞாபகம்தான் இல்ல."

"இந்தப் பொண்ணு?"

"என் மக," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

அப்படியே எழுதினாள். மழை விழுமுன் மூவரும் உள்ளே போய்விட்டார்கள்.

நான்காம் மாதம் அமைப்பின் மேலாளர் வந்தார். "வீடு ஒதுக்கியாச்சும்மா. கூடாரப் பட்டியல்தான் வீட்டுப் பட்டியல். கூடாரத்துக்கு ஒரு வீடு."

மூன்று வீடுகள் புதைந்திருக்க, கிடைக்கப்போவது ஒன்று. கூடாரப் பட்டியல் நாளைக்கு வீட்டுப் பட்டியலாகும் என்று பத்தொன்பது வருடத்தில் யாரும் யோசித்ததில்லை, அவளும்தான்.

நேரே கூடாரத்துக்குப் போய் மூவரிடமும் சொன்னாள். "உண்மைய எழுதிக் குடுத்தா ஆளுக்கொரு வீடு கேக்கலாம். ஆனா தனியாளுக்கு வீடுன்னு விதியே இல்ல. கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஒரு வீடு கையில இருக்கு. மூணு வீடு உன் வாயில இருக்கு," என்றாள் தையல்காரம்மா.

"அம்மா சொல்றதுதான் சரி. விட்டுருங்க," என்றார் சைக்கிள் கடைக்காரர். இப்போதெல்லாம் அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேக்கரிப் பெண் தலை நிமிராமல் பேசினாள். "எங்க வீட்ல என்னோட சேத்து அஞ்சு பேரு, அக்கா. எங்கப்பா பேரு ஒரு காகிதத்துலயும் இல்ல. செத்தவங்க பட்டியல்ல சேக்கச் சொன்னா, அவரு மக உயிரோட இருந்தா வந்து சொல்லியிருப்பாளேங்கறாங்க. பட்டியல்படி நான் இவரு மகளாம்."

கூடாரக்காரி அன்று மாலையே உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மேலாளர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஒரு நல்லது பண்ணீங்க. இப்ப அதையே எழுத்துலயும் குடுத்துட்டீங்க. ரெண்டுல ஒண்ண விட்டிருக்கலாமேம்மா."

வேலை போயிற்று. ஒதுக்கிய வீடும் போயிற்று. மூன்று மனுக்கள் பரிசீலனைக்குப் போயின. மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு புது வீடுகளுக்குப் போக, மைதானத்தில் ஒரே ஒரு கூடாரம் இரண்டு மழைக்காலம் நின்றது. இரண்டாவது மழையில் தையல்காரம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாளே போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து விதி மாறியது. படிவத்தில் தனியாளுக்கென்று ஒரு வரி, இழந்த வீட்டுக்கும் இறந்தவர்களுக்கும் ஒரு பக்கம். மூன்று வீடுகள் வந்தன. ஒன்றை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

பேக்கரிப் பெண் தன் காகிதத்தைக் கொண்டுவந்து, அப்பாவிலிருந்து கடைசித் தம்பிவரை நான்கு பேரின் பெயரையும் கூடாரக்காரிக்கு வாசித்துக் காட்டினாள். சைக்கிள் கடைக்காரர் வரவில்லை. இன்றைக்கும் கூடாரக்காரி சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினால் காற்றடித்துக் கொடுப்பார். முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். அவளும் ஏன் என்று கேட்பதில்லை.