அத்தைக்கு அடியில் விரித்த துணி

லெசியெலியை எங்கள் ஊரில் தங்கமான மனுஷி என்கிறார்கள். வாதம் வந்து படுத்துவிட்ட அத்தையை எடுத்து வைத்துப் பார்த்தாளாம், முதுகில் ஒரு புண் வரவில்லையாம், அறையில் ஒரு வாடை கிடையாதாம். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு முழுதும் பார்த்தவள் நான். அவள் தங்கமான மனுஷி இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அத்தையை அவள் அப்படிப் பார்த்துக்கொண்டது அன்பினால் அல்ல. பழி. வருஷக்கணக்கில் சுருட்டி, கூரைக்கட்டையில் செருகி வைத்திருந்த பழி.

எங்கள் தீவில் அப்பாவுடன் பிறந்தவளுக்கு மேலே ஆள் கிடையாது. அத்தை கேட்டால் கொடுக்க வேண்டும். கேட்காமல் எடுத்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சாவு வீட்டில் அவள்தான் தலைமாட்டுக்காரி. பிணத்தின் தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். வருகிற பாயும், மரப்பட்டையை அடித்துச் செய்த பட்டைத்துணியும் அவள் முன்னால்தான் குவியும். பெற்ற பிள்ளைகள் துக்கத்துக்கு அடையாளமாகக் கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொல்லையில் குழி தோண்டி மூடிச் சமைக்கிற மண்ணடுப்புப் புகையில் கிடக்க வேண்டும். அடக்கம் முடிந்ததும் குவிந்தது எல்லாம் தலைமாட்டுக்காரிக்கு. மனசுள்ளவள் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்குத் தேவையானதைத் திருப்பியும் தருவாள். லெசியெலியின் அத்தை அனாசெயினிக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அனாசெயினிக்கு லெசியெலியின் அம்மாவைக் கண்டாலே ஆகாது. தம்பி போயும் போயும் மண்ணும் தண்ணீரும் இல்லாத ஒரு குட்டித் தீவிலிருந்து பெண் கட்டினான் என்ற ஆத்திரம். அங்கே பெண்கள் கடல்பாசி பொறுக்கிப் பிழைப்பவர்கள். அதனால் லோசா என்ற அருமையான பெயர் இருந்தும் சாகும்வரை அந்த அம்மா இவளுக்குப் ‘பாசிக்காரி’தான். ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பாசிக்காரி அடித்த பட்டைத்துணி மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பட்டைத்துணிக்கு இரண்டு அடுக்கு. மேலடுக்குக்கு நல்ல பட்டை. அடியடுக்குக்குக் கிழிசலும் துண்டும் ஒட்டுவோம். நானும் அப்படித்தான் செய்கிறேன், ஊரே அப்படித்தான். லோசா அடியடுக்குக்கும் முழுப் பட்டையைத்தான் போடுவாள். கேட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். மேலே அவள் எழுதும் பழவௌவாலுக்கு ஒரு சிறகு கொஞ்சம் நீளமாக இருக்கும். அதை வைத்தே அவள் கைவேலை என்று தெரிந்துகொள்ளலாம். மகள் கல்யாணத்துக்கென்று அப்படி ஒன்றைச் செய்து முடித்துச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் அவள் கண்ணை மூடினாள்.

அடுத்துத் தகப்பனும் போனான். வீட்டில் அவனுக்கு அடியில் விரிக்க வேறு துணி இல்லை. பிள்ளைகள் அந்தக் கல்யாணத் துணியையே எடுத்து விரித்தார்கள். இல்லாதவர்கள், வேறு என்ன செய்வார்கள்? எப்படியும் அத்தை திருப்பித் தருவாள் என்று நினைத்தார்கள். அத்தை துக்க முறைப்படி லெசியெலியின் முடியை ஒட்ட வெட்டிவிட்டு, துணியைச் சுருட்டித் தன் மகனின் தோளில் ஏற்றி அனுப்பினாள். வாயைத் திறக்க முடியுமா? அத்தை ஆயிற்றே.

லெசியெலி தன் கல்யாணத்தில் இரவல் துணியில் உட்கார்ந்தாள். கொடுத்தவர்களுக்கு அன்றைக்கே வேறோர் இடத்தில் அது வேண்டியிருந்தது. விருந்து முடிவதற்குள் அவளை எழுப்பிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ‘உட்கார்ந்த சூடு ஆறலை, அதுக்குள்ள பொண்ணைக் கிளப்பிட்டாங்க’ என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் நம்பியதே இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள். நானும் அவளும் சாலையோரம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அனாசெயினியின் மகன் துறைமுகத்துக்குப் பன்றி ஏற்றிக்கொண்டு வந்தான். வண்டியில் அனாசெயினியும் இருந்தாள். பன்றிகளுக்கு அடியில், தகரம் வழுக்காமல் இருக்க, ஏதோ பழுப்பாக விரித்திருந்தது. ஓரத்தில் ஒரு வௌவால் தெரிந்தது. ஒரு சிறகு நீளம்.

லெசியெலி எழுந்து போய் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, இது எங்கம்மா துணி” என்றாள்.

அனாசெயினி குனிந்துகூடப் பார்க்கவில்லை. “கீழ விரிக்கிறதுதானேடி. யாரு பாக்கப் போறா?” என்றாள். வண்டி போய்விட்டது.

திரும்பி வரும்போது துணியைக் குப்பைமேட்டில் வீசிவிட்டுப் போனார்கள். இவள் போய் எடுத்து வந்தாள். பட்டைத்துணியைத் துவைக்க முடியாது. தண்ணீர் பட்டால் பசை விட்டு, நனைந்த காகிதமாகக் கையோடு வந்துவிடும். வெயிலில் காயவைத்து, காய்ந்ததைத் தென்னந்துடைப்பத்தால் தட்டி, தேறாத பக்கத்தை வெட்டி எறிந்தாள். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மிஞ்சியது. அதைச் சுருட்டிக் கூரைக்கட்டையில் செருகிவிட்டு என்னிடம் சொன்னாள்:

“அக்கா, இதுல அவ படுக்கணும். செத்த பெறகு இல்ல. உசிரோட, கண்ணு முழிச்சுப் படுத்து, எதுல படுத்திருக்கோம்னு அவளுக்குத் தெரியணும். எங்கம்மா பேர அவ வாயால சொல்லணும்.”

“அவ எங்க உன் வீட்டுல வந்து படுக்கப் போறா?” என்றேன்.

“படுப்பா” என்றாள்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. அவள் புருஷன் பழம் பறிக்க ஆஸ்திரேலியா போவதும் வருவதுமாக இருந்தான். இவள் ஊருக்கெல்லாம் விரிப்பு விரிக்கிறவளாக ஆனாள். சாவு வீட்டில் அடியில் கீற்று, அதற்குமேல் முரட்டுத் தாழம்பாய், அதற்குமேல் பட்டைத்துணி, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய பாய் என்று அவள் வந்து அடுக்கினால்தான் முதியவர்களுக்குத் திருப்தி. பச்சைக்குழந்தைக்கு எத்தனை முறை துவைத்த மாவுச்சாக்குத் துணி உறுத்தாது, மண்ணடுப்பின் ஆவி வெளியே போகாமல் எந்தச் சாக்கைப் போட்டு மூட வேண்டும், குதிரையின் முதுகு சேணத்தில் உரசாமல் எதை மடித்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளைக் கேட்டுத்தான். கோவிலில் நற்கருணை மேசைக்கு வெள்ளைத் துணியின் அடியில் இன்னொன்று போட வேண்டும் என்று பாதிரியாருக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஆனால் கூரைக்கட்டையில் இருந்ததை யாருக்கும் அவள் எடுத்துக் கொடுத்ததில்லை. மழைக்காலத்தில் மட்டும் இறக்கி, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுவாள்.

அனாசெயினிக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் வாயும் மட்டும் மிச்சம். அதிலும் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் ஆக்லாந்தில். யார் பார்ப்பது என்று உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, லெசியெலி சுருட்டிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் வேலியைத் தாண்டி அடுத்திருந்த அத்தை வீட்டுக்குள் போனாள்.

அடுக்கினாள். கீற்று, பாய், அம்மாவின் பட்டைத்துணி. அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நாலாக மடித்த பருத்தித் துணி. அத்தையின் கன்னம் படுகிற இடத்தில் மட்டும் பிளாஸ்டிக்கை இழுத்துவிட்டு, வௌவால் கண்ணுக்கு நேரே இருக்கும்படி வைத்தாள். அத்தையைப் புரட்டிப் படுக்க வைத்தபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கிழவி வௌவாலைப் பார்த்தாள். அப்புறம் லெசியெலியைப் பார்த்தாள். எந்தத் துணி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் யாரிடம் சொல்வாள்? பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். படுக்கைக்குப் பட்டைத்துணியா, ராஜ உபசாரம் அல்லவா, உனக்கு வாய்த்த மருமகள் யாருக்கு வாய்ப்பாள் என்றார்கள். இது பன்றிக்குப் போட்ட துணி என்று அவள் சொல்ல வேண்டுமானால், போட்டது யார் என்றும் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு புகழ்ச்சியை வாங்கிக்கொண்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது; அதை மறைப்பானேன்?

இனிமேல்தான் ஊர் புகழ்கிற அந்தப் பணிவிடை. கிழவிக்கு ஒண்ணுக்கு அடங்காது. ஒரு சொட்டு கீழே இறங்கினால் துணி போயிற்று. அதனால் லெசியெலி நொடிக்கு நொடி மேல்துணியைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரம் காணுமுன்னே உருவிவிட்டு வேறு போடுவாள். புரட்டுவாள், துடைப்பாள், விசிறுவாள், பவுடர் போடுவாள். கொடியில் எப்போது பார்த்தாலும் துணி காயும். புண் எங்கிருந்து வரும்? வாடை எங்கிருந்து வரும்? அத்தையிடமிருந்து துணியைக் காப்பாற்றினாள் அவள். ஊர் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டது. கிழவியும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தாள், அதுதான் வேடிக்கை.

“பேரச் சொன்னாளா?” என்று வேலிப்பக்கம் வரும்போது கேட்பேன்.

“இன்னும் இல்லக்கா. பாசிக்காரி மவளேன்னுதான் தண்ணி கேக்கறா. குடுக்கறேன். எங்க போயிடப் போறா?”

ஆனால் அனாசெயினி முட்டாள் இல்லை. இவள் விரல் எங்கே தொட்டுப் பார்க்கிறது, எதைக் கண்டு பதறுகிறது என்று படுத்தபடியே கவனித்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாதிரியார் பிரசங்கத்தில் லெசியெலியின் பெயரைச் சொல்லி, இப்படி ஒரு மகள் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்றார். லெசியெலி தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அதே நேரத்தில் வீட்டில் கிழவி விழாத கையால் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எறிந்துவிட்டு, தலைமாட்டில் இருந்த தண்ணீர்க் குடுவையைச் சாய்த்திருக்கிறாள். முழுக் குடுவையும்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவள் நனைந்த துணியில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வௌவால் கூழாகி அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

லெசியெலி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திட்டவும் இல்லை. குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே போனாள். திங்கட்கிழமைக்கென்று ஊறப்போட்டிருந்த பட்டையை எடுத்தாள், சீமைப்பலா மரத்தடியில் கிடந்த கட்டையின்மேல் போட்டாள், உட்கார்ந்து கொட்டாப்புளியால் அடிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நாட்டில் அன்று வேலை செய்தால் பாவம் மட்டுமில்லை, போலீசும் வரும். பந்து உதைக்கிற பிள்ளையைக்கூட அதட்டி உட்கார வைப்போம். சாப்பிட்டுவிட்டு ஊரே உறங்குகிற அந்த வேளையில் டொக் டொக் என்று மரத்தில் கொட்டாப்புளி விழுகிற சத்தம் கடற்கரைவரை கேட்டது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன. ஊர்த்தலைவர் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். உனக்குப் பைத்தியமா, யாரைக் கேட்டு அடிக்கிறாய் என்றார்.

“எங்க அத்தைக்குத் துணி நனைஞ்சு போச்சு. அவங்கதான் நனைச்சாங்க. உள்ள இருக்காங்க, கேட்டுப் பாருங்க” என்றாள். கை நிற்கவில்லை.

அவர் வாசல்வரை போனார். அதற்குள் உள்ளேயிருந்து வந்த வசவைக் கேட்டுவிட்டு, பெண்கள் விவகாரம் என்று திரும்பிப் போய்விட்டார்.

கிழவி முதலில் ஏய் என்றாள். பிறகு பாசிக்காரி மவளே என்றாள். அதற்கு இவள் இன்னும் ஓங்கி அடித்தாள். ஈரம் ஏறிக் குளிர ஆரம்பித்ததும் லெசியெலி, லெசியெலி என்று அழைத்தாள். அதற்கும் அடிதான். நான் போய்த் தூக்கியிருக்கலாம். போகவில்லை, போகிற எண்ணமும் எனக்கு இல்லை. சிரித்தது என் காதில் விழுந்ததே.

வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் அந்தக் குரல் உடைந்தது.

“லோசா மவளே” என்றது. “லோசா மவளே, வந்து தூக்குடி.”

கொட்டாப்புளி உடனே நிற்கவில்லை. கையிலிருந்த பட்டையை முனைவரை அடித்து முடித்து, மடித்து வைத்துவிட்டுத்தான் லெசியெலி எழுந்தாள். உள்ளே போய் அத்தையைத் தூக்கினாள், துடைத்தாள், உலர்ந்த துணி போட்டுப் படுக்க வைத்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்ததையும் நகத்தால் மெல்ல எடுத்தாள். நனைந்த பட்டைத்துணியை நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டு வந்தோம். பசை விட்டு இரண்டு அடுக்கும் பிரிந்துவிட்டன. மேலடுக்கு துண்டு துண்டாகக் கையில் வந்தது. அடியடுக்கு கிழியவில்லை. ஒட்டுத் துண்டே இல்லாமல் முழுப் பட்டை, ஒரே நிறமாக.

அதை அவள் சாலையைப் பார்த்த கொடியில் விரித்துப் போட்டாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமையில். மாலை ஆராதனைக்கு மணி அடிக்கிற நேரம்.

ஜன்னல் வழியாகக் கிழவி பார்த்தாள். “அத எதுக்குடி வெளிய போடற? ஊரு பாக்குதுல்ல” என்றாள்.

“கீழ விரிச்சதுதானே அத்தை” என்றாள் லெசியெலி. “இப்பப் பாக்கட்டும்.”

கோவிலுக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போனார்கள். முதியவள் ஒருத்தி நின்று, ஈரத் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது யார் கைவேலை என்று சத்தமாகக் கேட்டாள். லெசியெலி ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெயரை அனாசெயினிதான் சொல்ல வேண்டியிருந்தது.