எமினே முத்தமிட்ட பாண்

இன்று காலை மகள் கைதவறி விழுத்திய பாண் துண்டைக் காலால் ஒதுக்கிக் குப்பைவாளியில் போட்டாள். "இட்ஸ் ஜஸ்ட் பிரெட், அம்மா" என்றாள். எனக்கு எமினேயின் நினைவு வந்தது.

எண்பத்தாறில் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மெண்டின் மேல்மாடியில் இருந்த துருக்கிப் பிள்ளை அவள். வகுப்பில் புதிதாக வந்தவர்கள் நாங்கள் இருவரும்தான். அவள் வீட்டில் பாண் நிலத்தில் விழுந்தால், தாய் அதை எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, குருவிகளுக்காக யன்னலில் வைப்பார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில், யாரோ விழுத்திய பாணை எமினேயும் அப்படியே எடுத்து முத்தமிட்டாள். சாப்பாட்டு மேசை முழுவதும் சிரித்தது. அதுவரை அந்தச் சிரிப்பு என் இடியப்பத்துக்கு உரியதாக இருந்தது. என்னை விட்டதே என்ற நிம்மதியில் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "அதுகளும் எங்களைப்போல நாடு விட்டு வந்த சனம். நீயும் சிரிச்சனியே?"

"இல்லை" என்றேன்.

அடுத்த கிழமை எமினே தன் பாணைத் தானே நிலத்தில் போட்டுச் சப்பாத்தால் மிதித்தாள். மேசையில் அவளுக்கு இடம் கிடைத்தது. மிதிக்கும்போது என்னை மட்டும் பார்த்தாள்.

மகள் பாணைப் போட்ட குப்பைவாளியைத் திறந்துகொண்டு நின்றேன்.

"என்னம்மா தேடுறீங்கள்?"

"ஒண்டுமில்லை" என்றேன்.