நசீறா வீட்டில் மோட்டர் போடாத பின்னேரம்

சாஹுல் ஹமீட் தன் சொந்த வீட்டின் முன்னறைக்குள் போவதற்கு முன் இருமுவார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று ஒருமுறை. பதில் வராவிட்டால் இன்னொருமுறை. உள்ளே மனைவி நசீறாவின் கொம்பியூட்டரில் யாருடைய கலியாணமாவது ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுடைய ஊரில் பெண்கள் பக்கத்துக் கமராவை ஒரு பெண்தான் தூக்க வேண்டும். பல வருடங்களாக அந்தப் பெண் நசீறா. பர்தாவைக் கழற்றிவிட்டுத் தலைநிறையப் பூவோடு மணப்பெண் சிரிக்கும் படத்தை எந்த ஆணும் பார்க்கமாட்டான் என்பது அவளுடைய வாக்கு. "அது படமில்ல, அமானிதம்," என்பாள். நம்பி ஒப்படைத்த பொருள். ஊரின் பாதிக் கலியாணம் தன் வீட்டுக்குள்ளேயே கிடந்தும் ஒன்றையும் கண்ணால் கண்டிராத மனிதர் சாஹுல் ஹமீட்.

அந்த அமானிதம்தான் அன்று திறக்க மறுத்தது.

றுஷ்தாவின் கலியாணப் படங்கள். முதல்நாள் நசீறா அவற்றைக் கொம்பியூட்டருக்கு மாற்றி, எல்லாம் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் கமராவின் மெமரி காட்டை அழித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சாஹுல் ஹமீட் தண்ணீர் மோட்டரைப் போட்டார். மோட்டரும் ஃபிரிட்ஜும் ஒன்றாய் இழுத்தால் அந்த வீட்டு மெயின் சுவிட்ச் தாங்காது. டப்பென்று விழுந்தது. இன்று றுஷ்தாவின் ஃபோல்டரைத் தட்டினால், பழுதாகிவிட்டது, வாசிக்க முடியாது என்று கொம்பியூட்டர் கையை விரிக்கிறது. றுஷ்தாவோ நாளை புருஷனோடு கட்டாருக்குப் பறக்கிறாள். இன்று பின்னேரம் வந்து அல்பத்துக்குப் படம் தெரிவு செய்வதாக ஏற்பாடு.

கடைக்குக் கொண்டுபோகலாம். கடையில் இருப்பதெல்லாம் ஆண்கள். ஆகவே அடம்பன் ஊரில் கொம்பியூட்டர் திருத்தும் விதுசனுக்குப் போன் எடுத்தாள்.

"ஹார்ட் டிஸ்க் உடையேல்ல அக்கா. கரண்ட் போனதில அது குழம்பிப் போச்சு. எந்தப் படத்த எங்க வச்சதெண்டு அதுக்கே தெரியேல்ல. திறக்கிற படங்கள் எல்லாத்தையும் முதல்ல பென் டிரைவுக்கு எடுங்கோ. பிறகு செக் பண்ணுவம். வீடியோ கோல் போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்."

"வீடியோ வேணாம் தம்பி. வாயால சொல்லுங்கோ."

"அக்கா, செக் பண்ணேக்க வெறும் கறுப்புத் திரைதான் வரும்!"

"கறுப்புக்குப் பின்னால பொம்பிளப் பிள்ள நிக்கிதுதானே."

விதுசன் சிரிப்பை விழுங்கியிருக்க வேண்டும். திறந்த மற்றக் கலியாணங்களை நசீறா பென்னில் ஏற்றி முடித்த பிறகு, வாயாலேயே எங்கே தட்டுவது, எதை அமத்துவது என்று வழி சொன்னான். கொம்பியூட்டர் அணைந்து, திரும்ப எழும்பி, கறுத்துப்போய் நின்றது. கறுப்பின் அடியில் ஒரே ஒரு வெள்ளை வரி: டிஸ்கைச் சரிபார்க்கிறேன், நூற்றுக்கு ஒன்று.

"இனிக் கரண்ட் மட்டும் போகக்கூடாது அக்கா. பாதியில நிண்டா இன்னும் மோசமாப் போகும்."

நசீறா எழுந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ஃபிரிட்ஜைக் கழற்றினாள். ஃபேனை நிறுத்தினாள். யார் கண்ணிலும் படாதிருக்க மோட்டர் சுவிட்சின் மேல் ஒரு துவாயைத் தொங்கவிட்டாள்.

வேலிப் படலையடியில் சிரிப்புச் சத்தம். றுஷ்தா, அவளுடைய மாமியார் அஸீபா, பின்னால் மைத்துனிமார், சின்னம்மாமார், வாசனைத் திரவியத்தின் ஒரு பெரிய மேகம். பொய் சொல்லி அனுப்பலாம் என்றுதான் நசீறா நினைத்திருந்தாள். ஆனால் றுஷ்தாவின் முகத்தைக் கண்டதும் வாயிலிருந்து உண்மை தவறி விழுந்துவிட்டது.

றுஷ்தா சப்பாணி கட்டிக் கொம்பியூட்டர் திரைக்கு முன்னால் குந்தினாள்.

"அப்ப இருந்து பாப்பம், ராத்தா."

எல்லோரும் குந்தினார்கள். காற்றில்லாத அறையில் கலியாண அழைப்பிதழ்களால் விசிறிக்கொண்டு, கறுப்புத் திரையை கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பதினாறு. பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். இருபத்தேழில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

"எங்கட மாமா மாதிரி. நடுரோட்டில கதைக்க நிண்டா நகரமாட்டார்," என்றாள் ஒரு மைத்துனி.

"பேசாம இரு, அதுக்குக் கோவம் வந்திரும்."

பின்னேரத் தொழுகை அஸருக்குப் பாங்கு கேட்டது. தொழுமுன் கைகால் கழுவி வுளு எடுக்கவென்று அஸீபா மாமி எழுந்து பின்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் நூலாய் வந்து நின்றது. ஈரக் கையைத் துடைக்கத் துவாயை எடுத்தார். கீழே சுவிட்ச். தண்ணீர் இல்லாத வீட்டில் சுவிட்சைக் கண்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

ம்ம்ம்ம் என்று மோட்டர் உறுமியது. முன்னறை பல்ப் மங்கி மஞ்சளாகியது. திரை ஒருமுறை கண் சிமிட்டியது.

"யா அல்லாஹ்! மாமி! நிப்பாட்டுங்கோ!"

அத்தனை பெண்களும் ஒரே குரலில் அலற, பயந்துபோன மாமி சுவிட்சை அமத்திவிட்டு, துவாயும் கையுமாக வந்து வாசலில் நின்றார். வளவுக்குள் மேய்ந்த கழுதை ஒன்று வேலியைத் தள்ளிக்கொண்டு ஓடியது. வெளிச்சம் மெல்லத் தெளிந்தது.

ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனுக்குள்ளிருந்து விதுசன் கத்தினான்: "என்னக்கா, கொம்பியூட்டர் வெடிச்சிட்டா?"

நசீறா திரையைப் பார்த்தாள். இருபத்தெட்டு.

"இல்ல தம்பி, ஒண்டு கூடிட்டு!"

அதற்குப் பிறகு அது கால் முளைத்ததுபோல ஓடியது. ஐம்பது, எண்பது, நூறு. போனை வைத்துவிட்டு நசீறா ஃபோல்டரைத் தட்டினாள். திறந்தது. பூவும் பட்டும் மருதாணிக் கையுமாக றுஷ்தா திரை முழுக்க வந்து நிறைந்தாள். நசீறா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லத் தொடங்கி, அழுது, அதற்குள் சிரித்துவிட்டாள்.

ஒரே ஒரு படம் மட்டும் முழுதாக வரவில்லை. அஸீபா மாமி மருமகளுக்கு வாயில் பழம் வைக்கும் படம். முகங்கள் பளிச்சென்று இருந்தன. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"என்ட சாறி எங்க?" மாமி திகைத்தார். "எவ்வளவு பாடுபட்டுக் கட்டினனான்!"

"கொம்பியூட்டர் உங்களுக்கு பர்தா போட்டிட்டுது மாமி," என்றாள் றுஷ்தா. "எனக்கும் சேத்துத்தான். நசீறா ராத்தாட கொம்பியூட்டரெல்லோ! இதத்தான் அல்பத்தில முதலாவதா வைக்கோணும்."

மாமி முறைக்கப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். அந்தக் கூத்துக்கு நடுவிலும் நசீறா பென்னைச் செருகிப் படங்களை ஏற்றத் தொடங்கினாள். பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்தது.

திரைச்சீலைக்கு அப்பால் ஒரு இருமல். பதில் இல்லை. இன்னொரு இருமல்.

"நசீறா, குழாயில தண்ணி இல்ல," என்றார் சாஹுல் ஹமீட். "மோட்டரப் போடட்டா?"

"வேணாம்!"

அத்தனை பெண்களும் சேர்ந்து போட்ட அந்தச் சத்தத்தில், அப்போதுதான் வேலியோரம் திரும்பி வந்திருந்த கழுதை மறுபடியும் ஓடியது. எல்லோருக்கும் முந்திக் கத்தியவர் அஸீபா மாமி.