ஈரமில்லாத மூலை

சாம்பவி லிஃப்ட் திருத்துகிறவள். இத்தாலியின் பலேர்மோவில் பழைய கட்டடங்களுக்குக் குறைவில்லை. அவற்றின் படிக்கட்டுகளுக்கு நடுவே பிற்பாடு செருகிய, இரண்டு பேர் நின்றாலே மூச்சு முட்டும் லிஃப்டுகளுக்கும் குறைவில்லை. ஒரு லிஃப்ட் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கதவு முழுதாய் மூடியிருக்காது. கம்பி தேய்ந்திருக்கும். யாரோ ஒரு சிஞ்ஞோரா, மாடிவீட்டுச் சீமாட்டி, தன் நாயோடு ஏறி எல்லாப் பொத்தானையும் அமத்தியிருப்பாள். காரணத்தைக் கண்டுபிடித்தால் லிஃப்ட் ஓடும். இந்த ஒழுங்கை நம்பித்தான் அவள் முப்பது வயது வரை வந்து சேர்ந்தாள்.

தை மாதம் அப்பா போய்விட்டார். பத்மநாதன் என்று பெயர். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவத் தொடங்கி, அங்கேயே சமையல்காரராகி, அங்கேயே தலை நரைத்தவர். ஒருநாள் காலை வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஆகக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் எதுவும் ஓடத் தொடங்கவில்லை.

பங்குனியில் ஒரு விளையாட்டு மண்டபத்துக்கு வேலைக்குப் போனாள். சக்கர நாற்காலிகளை மேலே ஏற்றும் சின்ன லிஃப்ட் பாதியில் நின்றிருந்தது. அதன் அடியில் மல்லாந்து படுத்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது தலைமாட்டில் இரண்டு சப்பாத்துகள் வந்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் நாலு சில்லு, சின்னச் சக்கரங்கள்.

"உனக்கு நல்ல தோள்," என்றாள் சப்பாத்துக்காரி இத்தாலியனில். "ஆட்களை இடிக்கப் பிடிக்குமா?"

"தெரியாது. இடித்துப் பார்த்ததில்லை."

"அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை வா."

அவள் பெயர் நுன்ஸியா. பகலில் துறைமுகத்தில் நாபொலிக் கப்பலுக்கு டிக்கெட் கொடுப்பாள். மாலையில் பெண்களுக்கு ரோலர் டெர்பி என்ற சில்லுச் சப்பாத்து விளையாட்டைப் பழக்குவாள். சாம்பவி "சரி" என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை போனாள்.

முதல் நாள் ஓடப் பழக்கவில்லை, விழப் பழக்கினார்கள். கையை ஊன்றாதே, விரல்மேல் மற்றவளின் சில்லு ஏறிவிடும். மடங்கி விழு. சின்னதாய் விழு. விழுந்த உடனே எழும்பு. ஒன்றும் விழாமல் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள், ஒரு மாலை முழுக்க விழுந்து எழும்பினாள்.

பிறகு விதிகள். தரையில் டேப் ஒட்டிய நீள்வட்டப் பாதை. பக்கத்துக்கு ஐந்து பேர். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள் எதிர்ப்பக்கத்தாரைத் தாண்ட வேண்டும். தாண்டத் தாண்டப் புள்ளி. மற்ற நாலு பேரும் மறிக்க வேண்டும். இவ்வளவும் விளங்கியது. ஆனால் இரண்டு பக்கத்தாரும் ஒரே கும்பலாய், ஒரே திசையில், ஒரே நேரத்தில் ஓடினார்கள். தங்கள் நட்சத்திரத்துக்கு வழி திறந்துகொண்டே மற்ற நட்சத்திரத்துக்கு வழி அடைக்க வேண்டுமாம்.

"ஒரு கதவு ஒரே நேரத்தில் திறந்தும் மூடியும் இருக்காது," என்றாள் சாம்பவி.

"அதற்குத்தான் நாலு பேர்," என்றாள் நுன்ஸியா.

அது எதையும் விளக்கவில்லை. பின்னால் யாராவது வேகமாய் வந்தால் சாம்பவி "ஸ்கூசி" என்று மன்னிப்புக் கேட்டு ஒதுங்கி வழிவிட்டாள். முழுக் கும்பலும் நின்று சிரித்தது. "இது பஸ் இல்லையடி, இறங்குகிறவர்களுக்கு வழிவிட!" என்று கத்தினாள் ஒருத்தி. அங்கே எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. இவளுக்கு லிஃப்ட் என்று வைத்தார்கள். எத்தனை தரம் கீழே போனாலும் திரும்ப மேலே வருகிறாளாம்.

அவள் தொடர்ந்து போனாள். அந்த மண்டபத்தில் மட்டும்தான் யாரும் அவளிடம் அம்மா எப்படி இருக்கிறா, அப்பாவுக்கு முன்னமே நெஞ்சில் ஏதும் வருத்தம் இருந்ததோ என்று கேட்கவில்லை. இடித்தார்கள், திட்டினார்கள், தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். அது போதுமாக இருந்தது.

சிக்கல் தேர்வில் வந்தது. புதியவர்கள் ஐந்து நிமிடத்தில் இத்தனை சுற்று என்று ஓடிக் காட்ட வேண்டும். காட்டினால் அணி. இல்லாவிட்டால் கோடை முடிந்து அடுத்த வகுப்பு தொடங்கும்வரை வீடு. சாம்பவிக்கு வேகம் இருந்தது. வளைவில் வலக்காலை இடக்காலுக்கு மேலால் மாறிப் போடவும் வந்தது. ஆனால் கடைசி வளைவில், அவசரக் கதவுக்குப் பக்கத்து மூலையில், ஒவ்வொரு முறையும் கால் தானாகத் தளர்ந்தது. வேகம் அங்கேயே போனது. முதல் தேர்வு போனது. இரண்டாவதும் போனது.

"அந்த மூலையில் தரை ஈரம்," என்றாள்.

நுன்ஸியா போய்க் கையால் தடவிப் பார்த்தாள். "காய்ந்திருக்கிறது."

சாம்பவி வேலை முறைப்படி இறங்கினாள். இடச் சில்லுகளை வலத்துக்கு மாற்றினாள். பெயாரிங் எல்லாம் கழற்றித் துடைத்தாள். ஒரு மாலை எல்லாருக்கும் முந்திப் போய் அந்த மூலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். குமிழ் நட்ட நடுவில் நின்றது. காகிதக் கைக்குட்டையைத் தரையில் அழுத்தி எடுத்தாள். சொட்டு ஈரமில்லை. எழும்பி ஓடினாள். அதே இடத்தில் அதே காலில் தரை வழுக்கப்போகிறது என்று உடம்பு சொன்னது. இயந்திரம் சரி, தளம் சரி. பிழை எங்கே என்று தெரியவில்லை.

கடைசித் தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு முன்னமே அம்மாவிடம் பிடிபட்டாள். அம்மா ஞானம்பிகை, வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறவர். மகளின் தொடையில் கன்றிக் கிடந்த நீலத்தைக் கண்டுவிட்டார்.

"எங்கை விழுந்தனி?"

"வேலையிலை அம்மா. லிஃப்டுக்குள்ளை."

"லிஃப்டுக்குள்ளை விழுந்தால் நீலமோ மிஞ்சும்? ஆளே மிஞ்சாது. உண்மையைச் சொல்லு."

சொன்னாள். அம்மா அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முப்பது வயதிலை சில்லுச் சப்பாத்து."

"அங்கை நாப்பத்தாறிலையும் ஒராள் இருக்கிறா."

"அவவுக்கு வீட்டிலை கேக்க ஆளில்லையோ? கொப்பர் போய் வருசம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசமே இன்னும் வரேல்லை. அதுக்குள்ளை விளையாட்டு."

"விளையாட்டில்லை அம்மா. விழுகிறதுதான்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை சேலை உடுத்து, மேலே கம்பளிச் சட்டை போட்டு, கைப்பையோடு வாசலில் நின்றார். "நீ எங்கை போறாய் எண்டு ஒருக்கால் பாக்கத்தான் வாறன். வேறை ஒண்டுக்குமில்லை."

மண்டபத்தில் பழையவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா பார்வையாளருக்குப் போட்ட முன்வாங்கில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார்.

"பந்து எங்கை?"

"பந்து இல்லை அம்மா."

"பந்துமில்லாமல் என்னத்துக்கு இவ்வளவு அடிபிடி?"

"ஆளைத்தான் தாண்டுறது."

அம்மா தலையை ஆட்டினார். விளங்கியதற்கான ஆட்டம் இல்லை. கும்பல் வாங்கைக் கடந்து போனது, திரும்ப வந்தது, திரும்பப் போனது. அம்மாவின் கை கைப்பைப் பிடியை இறுக்கியது.

"ஏன் பிள்ளை எல்லாரும் இடப்பக்கமாச் சுத்தினம்?"

"அப்பிடித்தான் விதி."

"கோயிலைச் சுத்துறதெண்டால் வலப்பக்கம்," என்றார் அம்மா குரலைத் தணித்து. "இப்பிடிச் சுத்துறது செத்த வீட்டிலைதான்."

சாம்பவி சப்பாத்துக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

செத்த வீடு தையில் நடந்தது. வாடகைக்கு எடுத்த மண்டபம், பளிங்குத் தரை, நடுவில் அப்பாவின் பெட்டி. அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அவருடைய தமையன் மகன் உமாசுதன் கொள்ளிக்குடத்தை இடத்தோளில் தூக்கினான். பெட்டியை இடப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு தரம், பின்னால் வந்த சோதிலிங்கம் மாமா கத்தியால் குடத்தில் ஓட்டை போட்டார். தண்ணீர் பீச்சிக்கொண்டு பளிங்கில் விழுந்தது. மூன்றாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில், அப்பாவின் கால்மாட்டு மூலையில், உமாசுதனின் வெறுங்கால் வழுக்கியது. குடம் போய்த் தரையில் சிதறியது. அந்த மூலையில்தான் சாம்பவி நின்றாள். கையை நீட்டினாள். எட்டவில்லை. சோதிலிங்கம் மாமா ஒரு கணம் திகைத்துவிட்டு, "சரி, முடிஞ்சுது. திரும்பிப் பாராமல் போ, தம்பி," என்றார். முடிந்தது என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். முடியவில்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தபின் அம்மாவும் மகளும் அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

நுன்ஸியா விசில் ஊதினாள். "லிஃப்ட்! உன் முறை."

சாம்பவி கோட்டுக்குப் போனாள். பிழை எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தால் ஓட வேண்டும். விசில் கேட்டதும் பாய்ந்தாள். முதல் வளைவு, நேர்ப்பாதை, அடுத்த வளைவு. அவசரக் கதவு வந்தது. கால் தளர்ந்தது. அடுத்த சுற்றில் இன்னும் தளர்ந்தது. அதற்கடுத்த சுற்றில் அந்த மூலையில் முற்றாக நின்றேவிட்டாள். காரணம் கையில் இருந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஓடு! நேரம் போகிறது!" என்று கத்தினாள் நுன்ஸியா.

"என்ன பிள்ளை?" என்று கேட்டார் அம்மா வாங்கிலிருந்து.

"ஈரம்," என்றாள் சாம்பவி. வேறு சொல் வரவில்லை.

அம்மா எழுந்தார். கைப்பையை வாங்கில் வைத்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு டேப்பைத் தாண்டிப் பாதைக்குள் நடந்து வந்தார். நுன்ஸியா விசிலை நீளமாய் ஊதினாள். "சிஞ்ஞோரா! உள்ளே வரக் கூடாது, சிஞ்ஞோரா!"

"ஊன் மினூத்தோ," என்றார் அம்மா, ஒரு நிமிஷம் என்று, அவள் பக்கம் பார்க்காமலே.

கம்பளிச் சட்டைக்குள் இருந்து லேஞ்சியை, தன் துணிக் கைக்குட்டையை, எடுத்தார். முழங்காலில் இருந்தார். சிஞ்ஞோராவின் படிக்கட்டைத் துடைப்பது போல, ஓரத்திலிருந்து உள்ளே, வரிவரியாக அந்த மூலை முழுவதையும் துடைத்தார். அவசரப்படவில்லை. ஓரத்தில் நின்ற பழையவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. துடைத்து முடித்ததும் லேஞ்சியை விரித்துக் காட்டினார். கொஞ்சம் புழுதி. வேறொன்றுமில்லை.

"பார். காஞ்சு கிடக்கு."

"தெரியும் அம்மா."

"அண்டைக்குத்தான் ஈரம்," என்றார் அம்மா. "இண்டைக்கு இல்லை. போ."

சாம்பவி அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். சில்லுச் சப்பாத்தோடு நின்றவளுக்கு அது லேசாக இல்லை. ஒருவர் மற்றவரைப் பிடித்தபடி இருவரும் கொஞ்சம் ஆடி நின்றார்கள்.

நுன்ஸியா தலையைச் சொறிந்தாள். பார்வையாளர் பாதைக்குள் வந்தால் ஆட்டம் நிற்கும், திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். விதி அப்படி. தேர்வுக்கும் அது பொருந்துமா என்று பழையவர்களிடம் கேட்டாள். ஒருத்தி பொருந்தும் என்றாள், ஒருத்தி பொருந்தாது என்றாள், மூன்றாமவள் "மணிக்கூட்டைத் திருப்பி வை, விசரி" என்றாள். நுன்ஸியா திருப்பி வைத்தாள்.

அம்மா வாங்குக்குத் திரும்பிப் போகவில்லை. டேப்புக்கு வெளியே, அந்த மூலையிலேயே நின்றார். "சிஞ்ஞோரா, அங்கே நின்றால் யாராவது வந்து மோதுவார்கள்," என்றாள் நுன்ஸியா. அம்மா அசையவில்லை.

விசில். சாம்பவி போனாள். மூலை வந்தது. வலக்கால் மேலால் போய்த் தரையைப் பிடித்தது.

"ஒண்டு," என்றார் அம்மா.

அடுத்த சுற்றில், "ரெண்டு."

மூன்றாவது சுற்றில் அந்தத் திருப்பத்துக்கு வரும்போது சாம்பவிக்கு அவசரக் கதவு தெரியவில்லை. லேஞ்சியோடு நிற்கிற அம்மா மட்டும் தெரிந்தார். தாண்டினாள். தாண்டி நேர்ப்பாதைக்கு வந்தபோது பின்னால் கேட்டது.

"மூண்டு."

திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றில் அந்த மூலையில் ஆள் இல்லை. அம்மா வாங்கில் இருந்தார், கைப்பை மடியில், லேஞ்சி முகத்தில். மிச்சச் சுற்றுகளை அவர் எண்ணவில்லை. அவை நுன்ஸியாவுடையவை.

தேறிவிட்டாள். ஒரு சுற்று மிச்சமாகவே ஓடியிருந்தாள். ஆட்கள் வந்து ஹெல்மெட்டில் தட்டினார்கள். "அடுத்த சனிக்கிழமை ஆட்டம். கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று விளங்கிவிட்டதா?" என்று கேட்டாள் நுன்ஸியா.

"இல்லை," என்றாள் சாம்பவி.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் இருந்தார். துறைமுகம் வந்ததும் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ ஒருத்தரையும் இடிக்கேல்லையே."

"இண்டைக்கு ஓட்டம் மட்டும்தான் அம்மா."

"சனிக்கிழமை இடிப்பியோ?"

"ஓம். இடிக்கத்தான் வேணும்."

அம்மா லேஞ்சியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அந்த உயரமானவள் உன்னை முதுகிலை இடிச்சவள் எல்லோ, சப்பாத்துப் போட்டு எழும்பேக்கை. அவளைப் பாத்து இடி. நான் வாறன்."

"அவள் எங்கடை பக்கம் அம்மா."

"எந்தப் பக்கமெண்டு எப்பிடித் தெரியிறது?"

சாம்பவி சொல்ல வாயெடுத்தாள். பிறகு தனக்கும் சரியாகத் தெரியாது என்று நினைவு வந்து, இறங்குவதற்கான மணியை அமத்தினாள்.